எத்தனை மழை தாங்கணும்?

என் பட்டறைக்கு வண்டியோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஆர்.சி.யை. "தகடு அடிக்க வந்தா டிராபிக் போலீஸ் மாதிரி காகிதம் கேக்கறியே அன்னா" என்று சிரிக்காத ஆள் குறைவு. வடக்கத்தியருக்கு நாமெல்லாம் 'அன்னா'தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவரும் அப்படித்தான் கூப்பிடுவார். காகிதத்தில் ஒரே ஒரு வரியைத்தான் பார்ப்பேன், முதல் பதிவுத் தேதி. அதைப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பேன்.

காகிதம் முதலில், இரும்பு பிறகு என்ற இந்த வரிசை எனக்குப் பிடிபட டெல்லியில் இருபத்தாறு வருஷம் ஆனது. நடுவில் ஒரு பால் வண்டியும் ஒரு மீன் வண்டியும் வர வேண்டியிருந்தது.

*

தொழில் கற்றது சென்னை புதுப்பேட்டையில், 1993-இல், பதினைந்து வயதில். அங்கே இதற்கு டிங்கரிங் என்று பெயர். முதல் ஆறு மாசம் மேஸ்திரி சுத்தியலைத் தொட விடவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய், டீ வாங்கி வா, தகட்டைத் தட்டிக் காட்டுகிறேன் கேள், அவ்வளவுதான். கைக்கு முன்னால் காதைப் பழக்கினார். "சந்தையில பானை வாங்கறப்ப உங்க ஆத்தா தட்டிப் பாத்துதான வாங்கும்? அந்தக் காதுதான்டா இதுக்கும்." நல்ல தகடு 'டங்' என்று பேசும். பின்பக்கம் துரு அரித்த தகடு 'டொப்' என்று அடங்கும். பட்டி பூசி மறைத்த இடம் ஈரச்சுவரைத் தட்டியதுபோல் ஊமையாக இருக்கும். அங்கே காந்தம் வைத்தால் ஒட்டாமல் வழுக்கி விழும்.

காசிமேட்டு மீன் வண்டிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஐந்து வருஷ வண்டியின் அடியில் விரலால் குத்தினாலே உள்ளே போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரி ஒரே வார்த்தைதான் சொல்வார், "இத்துப்போச்சு." நைந்துபோன துணிக்கும் நம் ஊரில் அந்தச் சொல்தான். டெல்லிக்கு வந்ததும் பார்த்தால், இங்கே தகட்டுக்குப் பெயர் 'சத்தர்'. போர்த்திக்கொள்ளும் போர்வைக்கும் அதே பெயர். "சத்தர் கல் கயி" என்பார்கள், தகடு கரைந்து போச்சு என்று. இரண்டு ஊர்க்காரர்களும் தகட்டைத் துணியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். மேஸ்திரியும் மிஸ்திரியும்கூட ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் இரண்டு பிள்ளைகள்தான் என்று பின்னாளில் யாரோ சொன்னார்கள்.

துணி என்று நினைத்துக்கொண்டால் இந்த வேலையில் பாதி விளங்கிவிடும். இத்துப்போன சேலையில் ஒட்டுப் போட்டால் தையல் நிற்காது. கிழிசலைத் தாண்டி, இழை உறுதியாக இருக்கும் இடம் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஊசி குத்த வேண்டும். தகட்டிலும் அப்படித்தான். கிரைண்டர் போட்டு, வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சோம்பலில் துருவின் ஓரத்திலேயே வெல்டிங் பிடித்தால், ஒரு ஓட்டை அடைபடும், பக்கத்தில் இரண்டு விழும். கைக்குட்டை அளவு ஓட்டை என்று வண்டிக்காரர் காட்டுவார். வெட்டி முடித்தால் அது தலையணை உறை அளவுக்கு வந்து நிற்கும். எஸ்டிமேட் பாதியில் ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். மெக்கானிக் ஏமாற்றுகிறான் என்று வண்டிக்காரர் நினைத்துக்கொள்வதும் இந்த இடத்தில்தான்.

*

1998 கடைசியில் டெல்லிக்கு ரயிலேறினேன். ஜங்புராவில் அப்போது மதராஸி கேம்ப் என்று ஒரு குடிசைப்பகுதி இருந்தது. சேலம், விழுப்புரம் பக்கத்து ஜனங்கள். மாமா வீடு அங்கே. வேலை கிடைத்தது மாயாபுரியில்.

நான் வந்த நேரம் அப்படி. காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வருஷம் போட்ட உத்தரவுப்படி, பதினைந்து வருஷத்துக்கு மேலான லாரி, டாக்ஸி, டெம்போ எல்லாவற்றையும் படிப்படியாக டெல்லிச் சாலையிலிருந்து விலக்கிக்கொண்டிருந்தார்கள். மாயாபுரிச் சந்துகளில் இரவு பகலாகக் கட்டிங் டார்ச் எரிந்தது. வெட்டி வீசிய கேபின் தரைகளை வேடிக்கை பார்ப்பேன். தட்டினால் 'டங்' என்கிற தகடுகள் நிறைய இருந்தன. புதுப்பேட்டையில் இப்படித் தகடு கிடைத்தால் மேஸ்திரி கும்பிடுவார். "நல்ல இரும்பை வெட்டறாங்களே" என்று பக்கத்துப் பையனிடம் சொன்னேன். "இரும்பு நல்லாத்தான் இருக்கு, தேதி முடிஞ்சுபோச்சு" என்றான். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

டெல்லியில் கடல் இல்லை, துருவும் இருக்காது என்று நம்பித்தான் வந்தேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் பனி உருகுவதற்குச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், அங்கே பிக்கப்களின் முதல் எதிரி அந்த உப்புத்தான். இங்கே அதுவும் கிடையாது. ஆனாலும் பட்டறையில் துரு வேலை ஓயவில்லை. சரக்கு வண்டிக்கு உப்பு வானத்திலிருந்து வர வேண்டியதில்லை, முதுகில் ஏற்றிக்கொண்டு வரும். காஜிப்பூர் மீன் மண்டியிலிருந்து கிளம்பும் வண்டியின் பெட்டிகளில் கடல் மீன். ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் லோடு பாடியின் மூட்டுகள் வழியாகச் சேசிஸ் மேல் சொட்டிக்கொண்டே போகும். ஆசாத்பூர் மண்டி வண்டிகளில் உப்பு இல்லை, ஈரம் உண்டு. காலிஃபிளவர், கீரை, நனைத்த சாக்கு. வண்டிக்காரர் சாக்கை உதறுவார், அதற்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணை விட்டுவிடுவார்.

துருவுக்கு இரும்பு, ஈரம், காற்று மூன்றும் வேண்டும், உப்பு அதை விரட்டி வேலை வாங்கும். எந்த இடத்தில் ஈரம் அதிக நேரம் தங்குகிறதோ அங்கேதான் அது குடியேறும். அதனால் பழைய பிக்கப் வந்தால் பெயின்ட்டைப் பார்க்கவே மாட்டேன். கேபினில் கால்மிதியைத் தூக்குவேன். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வெளியேற விட்ட சின்ன ஓட்டைகள் மண்ணடைத்துக் கிடக்கின்றனவா என்று விரல் விடுவேன். லோடு பாடி சேசிஸ்மேல் உட்காரும் இடம், ஸ்பிரிங் கண்ணி தொங்கும் பிராக்கெட், பேட்டரித் தட்டு, சக்கரத்துக்கு மேலே இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் மடிப்பு. இந்த மடிப்புத்தான் மோசம். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகட்டுக்கு நடுவில் உட்கார்ந்து வீங்கி, கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங்கையே நெம்பி உடைக்கும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும், அவ்வளவுதான்.

மழைக்கு முன்னால் வேஸ்ட் ஆயில் அடித்துவிடுகிற வழக்கம் இங்கும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. சுத்தமாகக் கழுவிக் காயவைத்த சேசிஸில் அடித்தால் கொஞ்சம் பலன் இருக்கும். சேற்றின்மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடி போட்ட கதைதான். போதாக்குறைக்கு ரப்பர் புஷ்களை அந்த எண்ணெய் ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

*

இப்போது பால் வண்டி. தனிப்பட்டறை போட்ட புதிது. ஃபிட்னஸ் காட்ட நாலு நாள் இருக்கும்போது ஒருவர் கொண்டுவந்தார். டிரைவர் பக்கத்துக் கதவின் கீல் பிடித்திருக்கும் தூண் உள்ளே இத்துப்போயிருந்தது. முறையாகச் செய்தால் ஒரு வாரம். அவர் கேட்டது கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு வேலை. கம்பி வலையைத் திணித்து, மேலே பட்டி இழுத்து, ஈர உப்புத்தாளில் தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். கண்ணாடிமாதிரி இருந்தது. சொன்ன கூலிக்குமேல் இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மாசம் கழித்து, லோடு இறக்கும் இடத்தில் கதவு தூணோடு பிய்ந்து டிரைவரின் பாதத்தில் விழுந்தது. இரண்டு விரல் நசுங்கிவிட்டது. வண்டிக்காரர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, என்ன கேட்டார் என்பது அவருக்கே தெரியும். அந்த டிரைவர் மட்டும் ஒரு நாள் கட்டுப்போட்ட காலோடு வந்து, பட்டறை வாசலில் நின்று, "இவ்ளோ அழகா பூசியிருந்தியே, நான் நம்பிட்டேன்" என்றான். அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து துருமேல் பட்டி கிடையாது என்று சபதம். பட்டி கெட்ட பொருள் இல்லை, நல்ல தகட்டில் நெளிவு நிரப்ப அதுதான் வேண்டும். தகடே இல்லாத இடத்தில் அதைத் தகடாக நடிக்க வைப்பதுதான் குற்றம். அதன்பின் என் பட்டறைக்கு ஒரு பெயர் வந்தது, 'மதராஸி செய்தால் முழுசாகச் செய்வான்' என்று. அந்தப் பெயரின்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

*

மீன் வண்டி 2021 அக்டோபரில் வந்தது. டிஎல் 1எல் நம்பர், சிஎன்ஜி பிக்கப், 2009 ஆகஸ்டில் பதிவானது. நம் ஊரில் குட்டியானை என்போமே, இங்கேயும் சோட்டா ஹாத்தி என்றுதான் சொல்வார்கள். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் சின்ன சரக்கு வண்டியென்றால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். காஜிப்பூரிலிருந்து தெற்கு டெல்லிக் கடைகளுக்கு மீன் போடுகிறவர். மழை முடிந்ததும், கேபினில் காலடியில் சாலை தெரிகிறது என்று வந்தார்.

கால்மிதியைத் தூக்கினேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தியதும் பிடிவரை உள்ளே போனது. லோடு பாடியின் தரைத் தகட்டில் பொருக்கு பொருக்காக உரிந்தது. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஐந்தில் இரண்டு காகிதம். கதவு இரண்டின் அடிவிளிம்பும் ஓட்டை. நல்லவேளை, சேசிஸின் நெடுஞ்சட்டம் இரண்டும் மேலே பொருக்கு தட்டியதோடு சரி, சுத்தியலுக்கு 'டங்' என்றன. அது போயிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பேன்.

கவலைப்பட வைத்தது சிஎன்ஜி சிலிண்டரைப் பிடித்திருக்கும் பட்டை. இருநூறு பார் அழுத்தத்தில் வாயு அடைத்த இரும்புச் சிலிண்டர் அது. பட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ரப்பர் இருக்கும். அந்த ரப்பருக்கடியில் தேங்கும் ஈரம் யார் கண்ணிலும் படாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம் என்று வைத்திருப்பது சும்மா இல்லை. சிலிண்டர் இருக்கிற வண்டியில் வெல்டிங் பற்றவைக்கவே கூடாது. வாயுவை முழுக்கக் காலி செய்து, சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்து, பேட்டரி ஒயரையும் எடுத்த பிறகுதான் நெருப்பு. கழற்றி மாட்ட சிஎன்ஜி வேலை தெரிந்த ஆள் தனி, அவர் கூலி தனி. பில்லைப் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காத வரி அது. நான் அதில் பேரம் பேச விட்டதில்லை.

"எவ்ளோ ஆகும் அன்னா?" என்றார்.

முப்பத்தெட்டாயிரம் என்றேன். கேபின் தரை இரண்டு பக்கமும் 16 கேஜில், அதாவது 1.6 மில்லிமீட்டரில் புதுத் தகடு. லோடு தரை 14 கேஜ், இரண்டு மில்லிமீட்டர். குறுக்குச் சட்டம் இரண்டும் புதுசு. கதவின் அடி 18 கேஜில் மடித்து எடுப்பது. சிலிண்டர்ப் பட்டை மாற்று. பிறகு துரு நீக்கும் அமிலம், பிரைமர், அடியில் தார்ப்பூச்சு, வெளியே பெயின்ட். பதினோரு நாள்.

தகட்டைப் பழசில் எடுத்தால் குறையாதா என்று கேட்டார். மாயாபுரியில் வெட்டின வண்டித் தகடு எடைக்குக் கிடைக்கும், ஒரு காலத்தில் நானும் வாங்கியவன்தான். 2010 ஏப்ரலில் அங்கே நடந்தது எங்கள் தொழில்காரர் யாருக்கும் மறக்காது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருஷம் சும்மா கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் போய், மாயாபுரிக் கடைக்கு வந்து, உள்ளிருந்த கோபால்ட்-60 என்னவென்று தெரியாமலே வெட்டப்பட்டது. பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், ஒருவர் உயிரே போனது. அதற்குப் பிறகு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத இரும்பை நான் பட்டறைக்குள் விடுவதில்லை. அந்தப் பயத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். பழைய தகட்டில் மிச்சமாவது ஆயிரமோ ரெண்டாயிரமோதான். இந்த வேலையில் தகட்டின் விலை சின்னது, வெட்டித் திறந்து மூடும் கூலிதான் பெரியது. அந்தக் கூலியை ஒரு தடவைதான் கொடுக்க வேண்டும் என்றால் புதுத் தகடுதான் போட வேண்டும்.

பதினோரு நாள் வாடகை வண்டியில் மீன் போட்டார், நாளுக்கு ஆயிரத்தைந்நூறு. அந்தப் பதினாறாயிரத்தைந்நூறு என் பில்லில் வராது, அவர் பையிலிருந்துதான் போனது. எந்த மெக்கானிக்கும் எஸ்டிமேட்டில் எழுதாத வரி அது. அன்றைக்கு நானும் எழுதவில்லை.

வேலை அருமையாக வந்தது. சும்மா சொல்லவில்லை, அந்தத் தரையை இன்றைக்கும் நினைத்தால் கை குறுகுறுக்கும். கேஸ் வெல்டிங் போட்டால் சூடு பரவி, குழல்போல் மூடிய இடங்களுக்குள் இருக்கும் பெயின்ட் கருகி, அங்கிருந்தே மறுபடி துரு கிளம்பும். அதனால் முழுக்க சிஓடூ வெல்டிங்கில், அங்குலம் அங்குலமாக, ஆறவிட்டு ஆறவிட்டுப் பிடித்தேன். தண்ணீர் வடிய ஆறு இடத்தில் ஓட்டை விட்டேன். மீன்காரர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது என் பேரனுக்கும் வரும்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

*

2023 ஜூலையில் யமுனை ஊருக்குள் வந்தது. ஜூலை 13 அன்று பழைய ரயில்பாலத்தில் 208.66 மீட்டர். 1978-இல் வந்த 207.49-தான் அதுவரை உச்சம். காஷ்மீரி கேட், ரிங் ரோடு, செங்கோட்டைச் சுவர் வரை தண்ணீர். ஆற்றோரம் இரவில் நிறுத்தும் சரக்கு வண்டிகள் கேபின் கண்ணாடிவரை மூழ்கின. அந்த மாசம் முழுக்க என் பட்டறை வாசலில் சேற்று வண்டிகள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எல்லாரும் வெயிலில் நிறுத்திக் காயவைப்பார்கள். அது தப்பு. காய்வது வெளிப்பக்கம்தான், உள்ளே புகுந்த வண்டல் களிமண்ணாகி மாசக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதல் காரியம் நல்ல தண்ணீரைக் குழாயில் விட்டு, வடிகால் ஓட்டைகளைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வெளியே வரும்வரை கழுவ வேண்டும். காயவைப்பது அதற்கப்புறம். மீன்காரர் வண்டியும் ஒரு ராத்திரி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தது. கழுவினேன். நான் விட்ட ஆறு ஓட்டையிலும் சேறு தாராளமாக இறங்கியது. அடியில் ஒரு கொப்புளம்கூட இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மகளோடு மெஹ்ரோலி போனேன், குதுப் மினார் வளாகத்து இரும்புத் தூணைப் பார்க்க. டெல்லியில் கால் நூற்றாண்டு இருந்துவிட்டு, துருவில் பிழைப்பவன் துருப்பிடிக்காத தூணைப் பார்க்கவில்லை என்றால் யாரிடம் சொல்வது. ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல், ஆயிரத்தறுநூறு வருஷ வயசு. 1997-இல் வேலி போட்டுவிட்டார்கள், தொட முடியாது. தட்டிப் பார்க்க முடியவில்லையே என்று எனக்கு வருத்தம். மகள் வேதியியல் படிக்கிறவள். கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் இந்தத் தூணைப் பல வருஷம் ஆராய்ந்து எழுதியிருப்பதைச் சொன்னாள். அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாம். ஈரமும் வெயிலும் மாறிமாறிப் பட்டு அது மேலே மெல்லிய பாஸ்பேட் படலமாகப் படிந்து, இரும்பை மூடிக் காக்கிறதாம். நாங்கள் பிரைமருக்கு முன்னால் பூசும் துரு அமிலமும் பாஸ்பாரிக் அமிலம்தான், அதே படலத்தை அரை மணியில் வரவைக்கிற வித்தை. அப்படியென்றால் வண்டித் தகட்டிலும் பாஸ்பரஸை அதிகம் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். போட்டால் இரும்பு நொறுங்கும், மடித்து வளைக்க முடியாது, அதனால்தான் இப்போதெல்லாம் அதைக் குறைத்துவிடுகிறார்கள் என்றாள். பிறகு போகிறபோக்கில் இன்னொன்று சொன்னாள்: "மண்ணுக்குள்ள இருக்கற அடிப்பகுதி துரு புடிச்சுத்தாம்பா இருந்துச்சாம்."

அதைக் கேட்டு எனக்கு ஒரு சந்தோஷம். எவ்வளவு பெரிய தூணாக இருந்தால் என்ன, கால்மிதியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

*

2024 ஆகஸ்டில் மீன்காரர் போன் செய்தார். பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பதினைந்து வருஷத்துக்கு மேலான வண்டிகளை டெல்லிச் சாலையில் தடை செய்தது. 2015 ஏப்ரலில் டீசலுக்கு அதைப் பத்தாகக் குறைத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சரக்கு வண்டிக்கோ அந்தப் பதினைந்து 1998-இலிருந்தே உண்டு. நான் மாயாபுரியில் கால் வைத்த நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கும் எண் அது. வண்டியை அனுமதி பெற்ற ஸ்கிராப் மையத்தில் விடப்போகிறார், மேலே பொருத்திய மீன் பெட்டியைக் கழற்றித் தர வேண்டும் என்றார்.

கழற்றினேன். கை சும்மா இருக்குமா, லோடு தரையைச் சுத்தியலால் தட்டினேன். 'டங்'. கேபின் தரை, 'டங்'. குறுக்குச் சட்டம், 'டங்'. இன்னும் ஐந்தாறு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். நான் சிரித்தபடி நிமிர்ந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்தச் சத்தம் எனக்கு எவ்ளோ ஆச்சு அன்னா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை, கணக்காகக் கேட்டார். மீன் வியாபாரி, கிலோவுக்குக் காசு எண்ணிப் பழகியவர். முப்பத்தெட்டும் பதினாறரையும் ஐம்பத்துநாலாயிரத்து ஐந்நூறு. வண்டி அதற்குப்பின் ஓடியது முப்பத்துநாலு மாசம். மாசத்துக்கு ஆயிரத்து அறுநூறு. அந்தத் தரையின் உழைப்பில் பாதிக்கு மேல் அவர் அனுபவிக்கவே இல்லை, அது எடைக்குப் போகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள் நம் ஊரில். குட்டியானைக்கு அது பொருந்தாது. பழைய இரும்பு விலையில் என் சிஓடூ வெல்டிங்குக்குத் தனியாகக் காசு கொடுப்பார் இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து 2021 எஸ்டிமேட்டைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். கேபின் தரையில் டிரைவர் கால் வைக்கும் பக்கம் மட்டும் மாற்றியிருக்கலாம். குறுக்குச் சட்டம் இரண்டும் கட்டாயம், சிலிண்டர்ப் பட்டை கட்டாயம். லோடு தரையில் இத்த இடத்துக்கு மட்டும் 16 கேஜ் ஒட்டு. கதவின் அடியைத் தொடாமல் விட்டிருக்கலாம், பெயின்ட்டும் வேண்டாம், அடியில் தார்ப்பூச்சு போதும். பதினேழாயிரம், நாலு நாள். வாடகை வண்டியோடு சேர்த்து இருபத்துமூன்றாயிரம். மூன்று மழை தாங்கியிருக்கும், அவருக்கு வேண்டியதும் மூன்று மழைதான். யார் கால்மேலும் எதுவும் விழுந்திருக்காது.

அந்த நடு விலையை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. முழுசாகச் செய்வான் என்ற பெயருக்கு அந்த ஒட்டு வேலை பொருந்தவில்லை. பால் வண்டியில் வண்டிக்காரர் கேட்டதைச் செய்து தப்புச் செய்தேன். மீன் வண்டியில் என் கை கேட்டதைச் செய்தேன், அதற்கு அவர் பணம் கட்டினார்.

*

அதனால்தான் இப்போது முதலில் ஆர்.சி. தேதியைப் பார்த்து மழையை எண்ணுவேன். பிறகு மூன்று விலை சொல்வேன். உயிருக்கு ஆபத்தானவற்றை மட்டும் சரிசெய்ய ஒன்று, மிச்சமிருக்கும் மழைகளைத் தாங்க ஒன்று, பேரனுக்கு வர ஒன்று. முதலாவதில் பேரம் இல்லை. வண்டி நிற்கும் நாளையும் நாள் வாடகையையும் நானே கூட்டிச் சொல்லிவிடுவேன். டீசல் வண்டியாக இருந்து, என்.ஓ.சி. வாங்கி வெளி மாநிலத்துக்கு விற்கப்போகிறேன் என்றால் கணக்கு மாறும். அங்கே அதற்கு இன்னும் ஆயுள் உண்டு, நல்ல தரைக்கு விலையும் உண்டு.

2025 ஜூலை முதல் தேதி, கெடு முடிந்த வண்டிக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெய் கிடையாது, கேமரா நம்பரைப் படித்துவிடும் என்றார்கள். சில நாளிலேயே அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்தக் குழப்பத்து வாரத்தில் காய்கறி வண்டிக்காரர் ஒருவர் வந்தார். அவர் வண்டிக்குப் பதினாலு மாசம் மிச்சம். "இந்த மழையும் அடுத்த மழையும் போதும் அன்னா." ஸ்பிரிங் பிராக்கெட்டை மாற்றினேன், தரையில் மூன்று ஒட்டுப் போட்டேன். கதவின் அடியில் நீளமாக ஒரு ஓட்டை. ஓரத்தைத் தேய்த்து, பிரைமர் தடவி, அப்படியே விட்டுவிட்டேன்.

என்னிடம் வேலை கற்கும் உளுந்தூர்பேட்டைப் பையனுக்கு மனசே வரவில்லை. "அண்ணே, ஓட்டையோட அனுப்பறோமே, நம்ம பட்டறை பேரு கெட்டுராதா? கொஞ்சம் பட்டி இழுத்துரட்டுமா?"

"வேணாம்டா. ஓட்டை இருக்குன்னு பாக்கறவனுக்குத் தெரியட்டும்."

வண்டி கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி இடுக்கில் இறங்கிய தண்ணீர் கதவுக்குள் தங்காமல் அந்த ஓட்டை வழியாகத் தாரையாக வெளியே கொட்டிக்கொண்டே போனது. பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.